ஆயுத பூஜையன்று வைத்த ஜீரோ

எங்கள் கம்பெனியில் செய்வது கக்கூஸ் கோப்பையும் கைகழுவும் பேசினும். விசிட்டிங் கார்டு வைத்திருப்பவர்கள் இதை ‘சானிடரி வேர்’ என்பார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. சூளையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு கோப்பையையும் மரக்கட்டையால் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்தால் இந்தப் பக்கம், சொத்தென்று ஒலித்தால் அந்தப் பக்கம் என்று பிரித்து வைப்பது என் வேலை. என் பெயர் கமலா. அப்பா கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து நெய்வேலி மைன்ஸ் வேலைக்கு வந்தவர். டவுன்ஷிப்பில் பிறந்து டவுன்ஷிப்பிலேயே வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரருக்கு பர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. இவளுக்குப் பொழுது போகவில்லை, அதனால் வேலைக்கு வருகிறாள் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசட்டும். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, எழில்மதியைப் பற்றி.

நெய்வேலியில் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் என்ன சாதி என்று கேட்பதற்கு முன்னால் பர்மனென்டா, கான்ட்ராக்டா என்று கேட்டுவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை நீட்டும்போதும் அந்தக் கணக்குதான். எழில்மதி கான்ட்ராக்ட். கம்மாபுரம் பக்கம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களை பறித்துப் பிழைத்தவர்கள். அந்த வயல்களெல்லாம் சுரங்கத்துக்குள் போனபோது, நிலம் போனவர்களுக்குப் போராடவும் பேசவும் கையில் ஒரு பட்டாவாவது இருந்தது. நட்டவர்களுக்கு அதுவும் இல்லை. என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாமலே அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவள் அம்மா சாமியம்மாள் டவுன்ஷிப் வீடுகளில் பாத்திரம் தேய்த்து மகளைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தாள். அந்த அம்மாளுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான். மகள் பெயருக்குப் பக்கத்தில் பர்மனென்ட் என்ற வார்த்தையைப் பார்த்துவிட வேண்டும்.

மகளுக்கும் அதே ஆசைதான். ஆனால் அவள் அதை மூக்கால் அழுதுகொண்டு சொல்கிற ஆள் இல்லை. சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள், யார் டப்பாவிலிருந்தும் கேட்காமல் எடுத்துச் சாப்பிடுவாள். கம்பெனியில் மீட்டர், கேஜ், வால்வு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியன் அவள். முன்பு அந்த வேலைக்கு வந்த ஆண்கள் எல்லாரும் கொஞ்ச நாளில் வேறு நல்ல இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இவள் ஒருத்திதான் நின்றாள்.

அவளுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தது புது மீட்டர் வந்தபோது. சூளைக்கு எரிவாயு போகிற குழாயில் அதுவரை சக்கரம் சுற்றுகிற பழைய மீட்டர் இருந்தது. எங்கள் ஊர் வெயிலில் கேஸ் உப்பும், மார்கழிக் குளிரில் சுருங்கும். சக்கரத்துக்கு அதெல்லாம் தெரியாது, சுற்றினதைச் சொல்லும். புது மீட்டர் அப்படியில்லை, எவ்வளவு எடை கேஸ் போகிறது என்றே சொல்லிவிடும் என்றார்கள். அதற்குள் சக்கரமும் இல்லை, முள்ளும் இல்லை. வளைந்த குழாய் இரண்டு இருக்கிறதாம், அவை ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்குமாம். நான் அதன் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சும்மா கிடக்கிற இரும்பு மாதிரிதான் இருந்தது.

“ஒண்ணும் தெரியலையே எழிலு.”

“கைக்குத் தெரியாதுக்கா. ஆனா உள்ள ஆடிக்கினுதான் இருக்கு.”

அப்படியே என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் தோட்டத்துக்குப் போனாள். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை வளைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

“இப்ப ஊஞ்சல் மாதிரி ஆட்டுங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா ஆடுதா? இருங்க, தண்ணி தொறக்கறேன். இப்ப ஆட்டுங்க. என்னா ஆவுது?”

தண்ணீர் ஓடும்போது குழாய் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. ஒரு கை முந்தியது, மறு கை பிந்தியது. அந்த முந்தல் பிந்தலைத்தான் மீட்டர் அளக்கிறது, எவ்வளவு அதிகமாகப் பிந்துகிறதோ அவ்வளவு அதிகமாகக் கேஸ் ஓடுகிறது என்று சொல்லி, என் புடவை நனைந்ததற்குச் சிரித்தாள். அவளுக்கு அந்த மீட்டர்மேல் அப்படி ஒரு பெருமை. விற்ற கம்பெனிக்காரன் வந்து பயிற்சி கொடுத்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டுத் துளைத்தாள். எங்கள் மேனேஜர் பிரவீன்குமார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இந்த மீட்டர் உன் பொறுப்பு எழில்மதி. ஒழுங்கா ஓட்டிக் காட்டு. பர்மனென்டுக்கு உன் பேரைத்தான் அனுப்பப் போறேன்” என்றார், எல்லாரும் கேட்கும்படி.

சாமியம்மாள் அந்த வாரமே வடலூர் சபைக்குப் போய்விட்டு வந்தாள்.

மீட்டர் பொருத்தியதும் ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது. கேஸ் துளிகூட ஓடாத நேரத்தில், இரண்டு குழாயும் ஒன்றாக ஆடும்போது, இதுதான் ஜீரோ என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதான். ஆனால் கேஸ் வால்வை இறுக்க மூடியிருக்க வேண்டும். லோடு மாற்றும்போதுகூடக் கேஸ் முழுக்க நிற்காது, அதற்குச் சூளையையே நிறுத்த வேண்டும். சூளையை நிறுத்துவதென்றால் பிரவீன்குமாருக்கு உயிரை எடுப்பது மாதிரி.

“ஆயுத பூஜைக்கு எப்படியும் நிறுத்தத்தானே போறோம். அன்னிக்குப் பண்ணிக்கோ. அதுக்குன்னு தனியா எல்லாம் நிறுத்த முடியாது” என்று சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜை எங்கள் ஊரில் எப்படி நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லாரி முதல் ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பொட்டு. எங்கள் சூளை வாசலில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கதவைச் சாத்தி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். இதெல்லாம் சூளைக்காரர் தெய்வசிகாமணியின் ஏற்பாடு. எழில்மதி தெருக்காரர், அவளுக்கு முறைக்கு மாமன். நல்ல உழைப்பாளி. சம்பள நாளில் குடிப்பார், மறுநாள் வெட்கப்பட்டுக்கொண்டு வருவார். நல்ல நேரம் காலையிலேயே என்பதால், எழில்மதி வருவதற்குள் பூஜை முடிந்து, கேஸ் வால்வின் கைப்பிடிக்குச் சாமந்தி மாலை சுற்றிச் சந்தனம் அப்பியாகிவிட்டது.

“மாமா, வால்வு மூடியாச்சா?” என்று அவள் கேட்டதை நானும் கேட்டேன். பக்கத்தில் பிரவீன்குமார் பட்டு வேட்டியில் நின்றுகொண்டிருந்தார்.

“மூடியாச்சு பாப்பா” என்றார் தெய்வசிகாமணி, கற்பூரத் தட்டை நீட்டிக்கொண்டே.

மூடியாகவில்லை. பூஜை நாளில் சூளையில் தீ அடியோடு அணைந்து கிடக்கக் கூடாது என்பது அவர் நம்பிக்கை. சாமிக்குப் படைத்துவிட்டு அடுப்பை அவித்து வைப்பார்களா என்பார். மேனேஜருக்குத் தெரியாமல், சூளையின் பின்பக்கத்துச் சின்ன பர்னர் ஒன்றை மட்டும் மினுக் மினுக்கென்று எரியவிட்டு, அதற்கு வேண்டிய அளவு வால்வைத் துளியூண்டு திறந்து வைத்திருந்தார். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. மேனேஜர் எதிரில் அதைச் சொல்லத் தைரியமும் இல்லை.

எழில்மதி அந்தக் கைப்பிடியை ஒரு முறை பிடித்து இறுக்கிப் பார்த்திருக்கலாம். மற்ற எந்த நாளாக இருந்தாலும் பார்த்திருப்பாள், யார் சொன்னாலும் நம்புகிற சாதி இல்லை அவள். ஆனால் பூஜை போட்டதை மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொடுவதில்லை. நான் என் மரக்கட்டையை அன்றைக்குத் தொடுவேனா? தொட மாட்டேன். மாலை சுற்றிய வால்வை அவளும் தொடவில்லை. மீட்டரில் ஒரு சின்ன எண் தெரிந்தது. புதுசாகப் பொருத்தினால் இப்படிக் கொஞ்சம் காட்டும், அதைத் துடைக்கத்தானே இந்தப் பொத்தான் என்று நினைத்து அழுத்தினாள். எண் ஜீரோ ஆனது. பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

அன்றிலிருந்து மீட்டர் அந்தச் சின்ன பர்னர் குடித்த கேஸை இல்லாததாகவே எடுத்துக்கொண்டது. எப்போது அளந்தாலும் அவ்வளவு குறைத்துச் சொன்னது. அது சொல்கிற கணக்குக்குத்தான் சூளைக்குக் காற்று தானாகப் போகும். கேஸ் நிறைய ஓடும்போது அந்தக் குறை ஒன்றுமே இல்லை. ஆனால் கோப்பைகளை உள்ளே அடுக்கிவிட்டு மெதுவாகச் சூடேற்றும் நேரத்தில் கேஸே கொஞ்சம்தான் ஓடும். அந்தக் கொஞ்சத்தில் இது பெரிய குறை. காற்று போதாமல் தீ புகைந்தது.

முதலில் கண்டது நான். வெள்ளை வெளேரென்று வர வேண்டிய கோப்பைகள் சாம்பல் பூத்து வந்தன. தட்டினால் கணீரென்றுதான் ஒலித்தன, பார்த்தால் யாரோ உட்கார்ந்து பீடி குடித்த மாதிரி இருந்தன. ஒரு லோடு போனது. அடுத்த லோடும் போனது. வாங்குகிறவன் திருப்பி அனுப்பியதையெல்லாம் காம்பவுண்டு ஓரத்தில் கொட்டினார்கள். ஆடுகள் வந்து அதில் ஏறி நின்றன. பிரவீன்குமாருக்கு ஹெட் ஆபீஸிலிருந்து போன்மேல் போன். அவர் யாரைக் கடிப்பது என்று தேடிக்கொண்டிருந்தார்.

தெய்வசிகாமணி பாவம், அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கேஸில் எவனோ கலப்படம் செய்கிறான் என்று டேங்கர் டிரைவரிடம் சண்டைக்குப் போனார். தீயின் நிறம் சரியில்லை என்று ஒரு நாள் காற்றைக் கையால் கூட்டி வைத்தார், மறுநாள் பயந்துபோய்க் குறைத்து வைத்தார். அவர் கை வைத்ததெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. அது போதாதா? ஐப்பசியில் ஒரு நாள் எங்கள் எல்லாரையும் சூளை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு பிரவீன்குமார் கேட்டார்.

“எழில்மதி, மீட்டர் சரியா காட்டுதா இல்லையா?”

“சரியா காட்டுது சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“இதுல யோசிக்க என்னா சார் இருக்கு. அது புது மீட்டரு. தப்பா காட்ட அதுல ஒண்ணுமே இல்ல. ஜீரோ நான்தான் வெச்சேன்.”

கர்வத்தோடுதான் சொன்னாள். மாமன் தலைக்குக் கத்தி வைக்கிறோம் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தெரியாது. அது நிஜம். ஆனால் மீட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் மீட்டரில் தப்பு இருக்கலாம் என்று ஆகிவிடும், மீட்டரில் தப்பென்றால் பர்மனென்ட் என்ன ஆவது? இது அவள் மனசில் ஓடவே இல்லை என்று என்னிடம் யாரும் சத்தியம் செய்ய வேண்டாம்.

“அப்ப ஆளுதான் சரியில்லை” என்றார் பிரவீன்குமார். “குடிச்சிட்டு வந்து காத்து டேம்பரைத் திருகினா மால் எப்படி வெள்ளையா வரும்?”

“சார், நான் குடிக்கல சார். வேலைக்கு வரும்போது ஒரு நாளும் நான் குடிச்சதில்ல சார்” என்றார் தெய்வசிகாமணி. எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். சம்பள நாள் சமாசாரம் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆளை அனுப்புவதற்கு விசாரணையா, கமிட்டியா? நாளையிலிருந்து வர வேண்டாம் என்றால் முடிந்தது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு டேங்கர் வரவில்லை. வேறு வழியில்லாமல் சூளையை முழுக்க நிறுத்தினார்கள். இப்போது மாலையும் இல்லை, சந்தனமும் இல்லை. எழில்மதியே வால்வை இரண்டு கையாலும் சுற்றி இறுக்கி மூடினாள். மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தாள். ஜீரோ காட்ட வேண்டிய மீட்டர் ஜீரோவுக்குக் கீழே போய், மைனஸ் போட்டு ஒரு எண்ணைக் காட்டியது. சூளையிலிருந்து கேஸ் பின்னோக்கி டேங்குக்குப் போகிறது என்று அர்த்தம். அப்படி எங்காவது போகுமா?

பேயறைந்த மாதிரி என்னிடம் வந்தாள். நான் கோப்பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

“அக்கா, பூஜையன்னிக்கு கேஸ் ஓடிக்கினு இருந்திருக்கு. ஓடறத போயி நான் ஜீரோன்னு வெச்சிட்டேன்.”

எனக்கு விளங்க வைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, அப்போது தெய்வசிகாமணி மேல் தப்பில்லையா என்பதுதான். அன்றைக்குக் கேஸ் எங்கே எரிந்திருக்கும் என்று தேடக் கிளம்பினாள். சூளையின் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். சின்ன பர்னர் வாயருகில் பூஜைச் சாமந்தி ஒன்று கருகிக் கிடந்தது. அவர் அங்கேயும் பூ வைத்துத்தான் எரியவிட்டிருக்கிறார்.

மழை விடுவதற்குள் அவள் ஜீரோவைச் சரியாக வைத்தாள். டேங்கர் வந்தது, சூளை எரிந்தது, அடுத்த லோடு கொக்குச் சிறகு மாதிரி வெள்ளையாக வந்தது. பிரவீன்குமார் ஒரு கோப்பையைத் தடவித் தடவிப் பார்த்தார். கக்கூஸ் கோப்பையை அவ்வளவு ஆசையாகத் தடவிய மனிதரை நான் பார்த்ததில்லை.

“பார்த்தீங்களா? அந்த ஆளு போனான், மால் சரியாயிடுச்சு. நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?”

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அவள் தப்பைத் திருத்தியதே தெய்வசிகாமணி குற்றவாளி என்பதற்குச் சாட்சியாகப் போய்விட்டது. இனி அவரே வந்து சத்தியம் செய்தாலும் யார் நம்புவார்கள்? நான் எழில்மதியை அப்படியே மேனேஜர் அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“இதோ பாரு எழில்மதி. தப்பு நடந்துச்சு, கண்டுபிடிச்ச, சரி பண்ணிட்ட. முடிஞ்சுது. ஹெட் ஆபீஸுக்கு நான் என்ன சொல்லியிருக்கேன்? ஆளை மாத்தினேன், சரியாயிடுச்சுன்னு. இப்பப் போய், இல்லை சார், தப்பு எங்க மேலதான்னு சொன்னா முதல்ல என்ன கேப்பாங்க? பூஜை நாள்ல ஜீரோ வைக்கச் சொன்னது யாருன்னு. அடுத்து வெச்சது யாருன்னு. பர்மனென்டுக்கு நான் ஒரே ஒரு பேரைத்தான் அனுப்பியிருக்கேன். அது யார் பேருன்னு உனக்குத் தெரியும்.”

“மாமாவுக்கு வேலை சார்?”

“அவருக்கு வேற எங்கயாவது சொல்லிப் பார்க்கலாம்.”

“எங்க சொல்லுவீங்க?” என்று நான் கேட்டேன்.

“கமலாம்மா, உங்களுக்கு இதுல என்ன வந்துச்சு? உங்க வீட்டுக்காரர் பர்மனென்ட். நீங்க பேசலாம்” என்றார்.

இந்த ஊரில் என் வாயை அடைக்க அதைவிடப் பெரிய அடைப்பான் கிடையாது. வெளியே வந்ததும் நான் எழில்மதியிடம் தெளிவாகச் சொன்னேன். மேனேஜர் கிடக்கிறார், அவரிடம் நீதி கேட்டுத் தொங்க வேண்டாம். தெய்வசிகாமணி வீடு உன் தெருவில்தானே இருக்கிறது, போய் அவரிடமாவது சொல்லிவிடு, தன்மேல் தப்பில்லை என்று அந்த மனிதருக்காவது தெரியட்டும் என்றேன்.

“சொன்னா அவரு சும்மா இருப்பாராக்கா? நேரா கம்பெனி வாசல்ல வந்து கத்துவாரு. அப்பறம் என் ஆர்டரு என்னா ஆவறது?”

“அவர் வயித்துப்பாடு?”

“ஆர்டரு மட்டும் வரட்டும்க்கா. வந்த மறுநாளு நானே போயி கால்ல வுழறேன்.”

வீட்டில் சாமியம்மாளிடமும் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் மகளை அடிக்கப் போனாளாம், தன்னிடம் சொன்னதற்காக இல்லை, வெளியே சொல்ல நினைத்ததற்காக. “நமக்கு ஒரு அடி நெலம் இருந்திருந்தா நாமளும் நாயம் பேசலாம். நமக்கு வர்றதே ஒண்ணே ஒண்ணு. அதையும் ஒன் வாயாலயே கெடுத்துக்கினு வந்து நிக்காத” என்றாளாம். அந்த அம்மாளை என்னால் திட்ட முடியவில்லை. பத்துப் பாத்திரம் தேய்த்துக் கை வெந்தவள். ஆனால் எழில்மதிமேல் எனக்குக் கோபம். இன்றைக்கும் கோபம்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவாள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவேன். அவள் சத்தமாகச் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அதைப் பார்த்து எனக்கு ஒரு மனசு இளகும், ஒரு மனசு நன்றாக வேண்டும் உனக்கு என்று சொல்லும்.

அவள் தினமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு வந்தாள். மார்கழி பிறந்தபோது தெய்வசிகாமணி ஊரில் இல்லை, திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று, எங்கேயாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று எழில்மதி சொன்னாள். கொஞ்சம் நிம்மதியாகச் சொன்ன மாதிரிதான் எனக்குப் பட்டது.

பொங்கல் கழித்து ஆர்டர் வந்தது. பிரவீன்குமார் ஸ்வீட் பாக்ஸ் வரவழைத்தார், கைதட்டச் சொன்னார். எல்லாரும் தட்டினோம். சாமியம்மாள் தான் வேலை செய்யும் வீடுகளுக்கெல்லாம் லட்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். எழில்மதி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் துணைக்கு வரச் சொன்னாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் போனோம்.

தெய்வசிகாமணியின் மனைவி செல்லக்கிளி வாசலில் உட்கார்ந்து முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கூலிக்கு உடைக்கிற கொட்டை. அதன் எண்ணெய் பட்டால் தோல் உரியும் என்பதால் கையில் சாம்பலைப் பூசியிருந்தாள்.

“வாடி எழிலு. பர்மனென்ட் ஆயிட்டியாமே. நம்ம தெருவுல நீதான் மொதோ ஆளு. ஒக்காருங்கக்கா” என்று என்னையும் சேர்த்து வரவேற்றாள். முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது.

எழில்மதி உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். பூஜை, மாலை, வால்வு, சின்ன பர்னர், ஜீரோ, மழைநாளில் பார்த்த மைனஸ், எல்லாம். மாமா மேல் ஒரு தப்பும் இல்லை, மால் கெட்டதற்கு அவரோ குடியோ காரணமில்லை என்றாள். செல்லக்கிளி குனிந்தபடியே உடைத்துக்கொண்டிருந்தாள். புரிகிறதா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

“இது ஒனக்கு எப்ப தெரியும்?” என்று கேட்டாள்.

“கார்த்திகையில, அத்த.”

செல்லக்கிளியின் கை நின்றது.

“கார்த்திகையில அவரு இங்கதானடி இருந்தாரு. இதே எடத்துலதான் ஒக்காந்துக்கினு இருந்தாரு. தெனமும் சத்தியம் பண்ணாரு. புள்ள தலையில கைய வெச்சி, நான் குடிக்கலடி, நான் ஒண்ணும் பண்ணலடின்னு சொன்னாரு. நான் நம்பலியே. எழிலு படிச்ச பொண்ணு, அதுவே சொல்லிடுச்சாமே, நீதான் போதையில எதையோ திருகியிருப்பன்னு நான்தான் கத்தினேன். சோத்துல கைய வெச்சிருக்கும்போது கத்தினேன். ஒரு நாளு வூட்டுக்குள்ளயே உடல. குடிகாரனுக்கு இங்க எடமில்லன்னு சொல்லி கதவ சாத்தினேன். அன்னிக்கு போனவருதான்.”

எழில்மதி அழுதாள். செல்லக்கிளி அழவில்லை.

“நான் போன் போட்டா எடுக்க மாட்டேங்கறாரு. ஒன் போன்ல போட்டு நீயே சொல்லு” என்றாள்.

எழில்மதி ஸ்பீக்கரில் போட்டாள். ரொம்ப நேரம் அடித்தது. பிறகு அவர் குரல் கேட்டது. பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம்.

“என்னா பாப்பா, ஆர்டரு வந்துடுச்சாமே. சந்தோஷம். நல்லா இரு.”

“மாமா, பூஜையன்னிக்கு சின்ன பர்னர எரிய உட்டிருந்தீங்களா?”

“ஆமா, எரிய உட்டேன். சாமி நாளு, நெருப்பு அவியக் கூடாதுன்னு உட்டேன். ஏன் இப்ப?”

அவள் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை அழுகையோடு சொன்னதால் பாதி வார்த்தை விழுங்கிப் போனது, இருந்தாலும் அவருக்கு விளங்கியது. உங்க மேல தப்பே இல்ல மாமா, என் மேலதான், மன்னிச்சிடுங்க என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். மன்னித்தேன் என்றும் அவர் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

“இது செல்லக்கிளிக்கு தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும் மாமா. பக்கத்துலதான் இருக்காங்க. நீங்க ஊருக்கு வந்துடுங்க. அத்த நம்பறாங்க மாமா.”

“நீ சொன்னதும் நம்புறா, இல்ல?” என்றார் அவர்.

செல்லக்கிளி சாம்பல் கையோடு போனை வாங்கினாள். அதற்குள் அவர் வைத்துவிட்டார். மறுபடி போட்டோம், என் போனிலிருந்தும் போட்டுப் பார்த்தோம். அதற்குப் பிறகு அவர் யார் போனையும் எடுக்கவில்லை.